பிரேக், நியூட்ரல், சாவி

“ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?”

“ஆன்லதான் இருக்கு.”

“சத்தத்தையே காணோமே மேடம்?”

“சத்தம் வராது. இந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா வண்டி ஆன்ல இருக்குன்னு அர்த்தம்.”

“அப்ப காதை வீட்டுல கழட்டி வச்சுட்டு வரலாம்னு சொல்றீங்க.”

“காதோட சேர்த்து அந்த வாயையும் கழட்டி வச்சுட்டு வாங்க மந்திரி, டிப்போவே நிம்மதியா இருக்கும்” என்றார் பின்னிருக்கையில் இருந்த ஓட்டுநர்.

பேருந்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மந்திரியும் சிரித்தார். பயிற்சியாளர் என்ற முறையில் அவர்களை அமைதிப்படுத்த வேண்டிய நானும் சிரித்தேன்.

மந்திரி என் அப்பா.

அது அங்கே யாருக்கும் தெரியாது. அன்று காலை வரை, அப்பாவுக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருப்பது எனக்கும் தெரியாது.

மின்சாரப் பேருந்து செய்யும் நிறுவனத்தில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டீசலை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறும் டிப்போக்களுக்குப் போய், அங்குள்ள ஓட்டுநர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, கடைசியில் தேர்வு வைப்பது என் வேலை. தேறியவர்கள் புது வண்டி ஓட்டலாம். தேறாதவர்களும், பயிற்சியில் விபத்து ஏற்படுத்தியவர்களும் ஷெட்டுக்குப் போக வேண்டும். சக்கரம் கழுவுவது, டயருக்குக் காற்று பார்ப்பது. அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஏனென்றால் இன்னும் சில மாதங்களில் தொடுவதற்கு வேறு வண்டியே அந்த டிப்போவில் இருக்காது.

அப்பாவின் டிப்போ என் பட்டியலில் வந்தபோது வீட்டில் அவரைப் பிடிக்க முடியவில்லை. “நீ வாசல்ல கால் வச்சதும் பாரு. ‘அவரு பொண்ணா!’ன்னு மேனேஜரே எழுந்து நிப்பாரு. என்னைக் கேக்காம அந்த ஆளு ஒரு நட்டைக்கூடக் கழட்டினது இல்ல” என்றார். அம்மா தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து நிமிராமல், “பாத்துங்க, நாளைக்கு உங்களை மேனேஜர் ஆக்கிடப் போறாங்க. நம்ம வீட்டுல ஒரு மேஜைகூட இல்ல” என்றாள். அவள் அதை முழுக்கக் கிண்டலாகச் சொல்லவில்லை.

நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த டிப்போ அது. என் கற்பனையில் அது ஒரு கப்பல் துறைமுகம் அளவுக்குப் பெரியது. அதன் நடுவில் அப்பா நின்றுகொண்டிருப்பார். யார் யாரோ ஓடி வந்து, இந்த வண்டி கிளம்ப மறுக்கிறது, அந்தத் தடத்தில் யாரை அனுப்புவது என்று அவரைக் கேட்பார்கள்.

நேரில் அது இரண்டு தகரக் கொட்டகைகளும் ஒரு சிமென்ட் முற்றமும்தான். டீசல் பம்பைப் பிடுங்கிய இடத்தில் குழியை மூடி, வரிசையாக ஆறு சார்ஜிங் கம்பங்களை நட்டிருந்தார்கள். ஓட்டுநர்கள் எங்கே என்று வாயில் காவலாளியிடம் கேட்டேன். “ஓய்வறையில மேடம். சத்தம் கேக்குதுல்ல? மந்திரி இன்னைக்கும் எதையோ அவுத்து விட்டுக்கிட்டு இருக்காரு” என்றார்.

ஓய்வறை வாசலில் நின்றேன். எனக்கு முதுகு காட்டி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். “நேத்து மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டு…” அவர் முடிப்பதற்குள் நான்கைந்து பேர் ஒரே குரலில், வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் முடித்துவைத்தார்கள். “‘நீங்க இல்லன்னா இந்த டிப்போவே இல்ல’ன்னு சொன்னாரு!”

அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். முந்தின நாள் நான்தான் இஸ்திரி போட்டிருந்தேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். யார் முதலில் பார்வையை விலக்கினோம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன், இன்னும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நான் கையிலிருந்த பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன் என்பது நிச்சயம். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் எழுந்து நின்று, “வணக்கம் மேடம்” என்றார் என்பதும் நிச்சயம்.

உறவினர் யாராவது பயிற்சியில் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வேறொரு பயிற்சியாளர் வருவார் என்பது நிறுவனத்தின் விதி. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அன்று மதியம், ‘இல்லை’ என்ற கட்டத்தில் நான் ஒரு சிறிய கோடு போட்டேன்.

அதன் பிறகு எல்லாம் தானாக ஒழுங்கானது. காலையில் அப்பா முதல் வண்டியைப் பிடிப்பார். “நீ அடுத்த வண்டில வா” என்பதோடு சரி. டிப்போவில் நான் மேடம். மாலையில் சாப்பிட உட்காரும்போது அம்மா கேட்பாள், அவர் சொல்வார். “உன் பொண்ணு பாடம் எடுக்கிற அழகை நீ பாக்கணும். பசங்கல்லாம் வாயைப் பிளந்துட்டு உக்காந்திருக்கானுங்க. ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா’ங்குற மாதிரி என்னையும் பாக்குறானுங்க.” அம்மா என் பக்கம் திரும்புவாள். நான், “ஆமாம்மா” என்பேன். இப்படி ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் கனமே தெரிவதில்லை.

பாடத்தில் எனக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. டீசல் பேருந்தில் பிரேக் வேலை செய்வது காற்றழுத்தத்தில். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று செலவாகி, அளவுமானியின் முள் சற்று இறங்கும். உடனே ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிப்பார்கள். எஞ்சின் உறுமும், காற்று நிரம்பும், முள் ஏறும். அதன் பிறகுதான் கியர் போடுவார்கள். யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை, கண் இமைப்பதுபோல அது நடக்கும். மின்சார வண்டியில் காற்று நிரப்பத் தனி மோட்டார் இருக்கிறது. மிதிக்க வேண்டியதே இல்லை. நியூட்ரலில் மிதித்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டும் நிலையில், அதாவது ‘டி’ பொத்தான் அழுத்தப்பட்ட நிலையில் மிதித்தால் வண்டி சத்தமில்லாமல் பாயும்.

முதல் மூன்று நாள் எல்லோருமே மிதித்தார்கள். “காலைக் கட்டிப் போடுங்க” என்று நான் கத்தினேன். “என் பொண்டாட்டி முப்பது வருஷமா முயற்சி பண்றா மேடம்” என்றார் ஒருவர்.

அதனால் மூன்று விரல்களை நீட்டி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன். இருக்கையை விட்டு எழுந்திருக்கும் முன் பிரேக், நியூட்ரல், சாவி. ஹேண்ட் பிரேக்கைப் போடு, நியூட்ரலுக்கு மாற்று, சாவியை அணை. வண்டி சத்தம் போடாது, அடுத்து உட்காருபவனுக்கு அது உயிரோடு இருப்பது தெரியாது. ஒருவர் எழுந்திருக்கும்போதெல்லாம் மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் விரலை நீட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலச் சொன்னார்கள். அப்பாவும் சொன்னார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்க.

ஆறாவது நாள், சரிவில் இறங்கும் பாடம். டிப்போவின் பின்பக்கச் சரிவில் நானே ஓட்டிக் காட்டினேன். காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறையும், பிரேக்கைத் தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“மேடம், சரிவுல வண்டி நிறுத்துறதப் பத்தி எங்க சின்னவர்கிட்ட நீங்க பாடம் கேக்கணும்.”

சின்னவர் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குட்டையான ஓட்டுநர். ஆறு நாளில் ஆறு வார்த்தை பேசியிருப்பார்.

“விடுங்கப்பா, அது ஆச்சு பதினாறு வருஷம்” என்றார்.

“மலைப்பாதையில பிரேக் போயிடுச்சு மேடம். வண்டில நாப்பது பேரு. ரெண்டாவது கியரு, ஒண்ணாவது கியருன்னு இறக்கி, வண்டியோட விலாவை மண்சுவத்துல தேய்ச்சுத் தேய்ச்சு நிறுத்தினாரு. ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்ல.”

என் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது. “சுவர்க்கடிகாரம்…”

“அட, உங்களுக்கு யாரு சொன்னா? ஆமா மேடம். ஒரு அம்மா மடியில சுவர்க்கடிகாரம் வச்சிருந்தாங்க. கண்ணாடிகூட உடையல. இறங்கும்போது அந்தம்மா மணி என்னன்னு பாத்துச் சொன்னாங்களாம். சின்னவருக்கு ஜனாதிபதியே மாலை போட்ட மாதிரி ஆயிடுச்சு.”

“பதினொண்ணு இருபது” என்றார் சின்னவர், வெட்கத்தோடு.

பதினொன்று இருபது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னார். பிறகு உறவினர் வீடுகளில், கல்யாண வீடுகளில், மருத்துவமனை வரிசைகளில் சொன்னார். அவர் கதையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அவர். அவர் தோள்பட்டைதான் இரண்டு நாள் வீங்கியிருந்தது. ஆறாம் வகுப்பில் அதைக் கட்டுரையாக எழுதி, பள்ளி முழுக்கக் கேட்க மேடையில் வாசித்திருக்கிறேன். பரிசாக ஒரு அகராதி கொடுத்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். நான்காவது வரிசையில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒரு தகரச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அவருடைய காது சிவந்திருந்தது. இந்தக் கதையை அவர் டிப்போவில் சொல்லத் துணிந்திருக்க மாட்டார், இங்கே கதைக்குச் சொந்தக்காரர் இருந்தார். வீட்டில் மட்டும்தான். எங்களிடம் மட்டும்தான்.

வண்டியைச் சார்ஜிங் கம்பத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். எழுந்தேன். எல்லோரும் சின்னவரைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் யாரும் விரலை நீட்டிச் சொல்லவில்லை. “அடுத்து யார்?” என்று கேட்டேன். என் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

“நான்தான் மேடம்” என்றார் அப்பா.

அவர் என்னைக் கடந்துபோகும்போது நான் ஒதுங்கி நின்றேன், அவர் தோள் என்மேல் படாதபடி. அவர் உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். புஸ்ஸென்றது. முள் இறங்கியது. அவர் கால் தன் பழைய வேலையைச் செய்தது.

வண்டி பாய்ந்ததா, கம்பம் எங்களை நோக்கி வந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடி நொறுங்கியது. கம்பம் வளைந்து கொட்டகைமேல் சாய்ந்தது. அதன் பிறகு ஒரு பெண்ணின் அலறல்.

நான் இறங்கி ஓடியபோது, வண்டி கழுவும் அக்கா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாளி சக்கரத்துக்கு அடியில் தட்டுபோல நசுங்கிக் கிடந்தது. “வாளிதான் போச்சு, நான் போகல” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். முழங்கையில் மட்டும் ரத்தம். அவள் ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் என்று நான் யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பேருந்துக்குள் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ‘டி’ எரிந்துகொண்டிருந்தது. அதை அழுத்தியவள் நான்.

மேனேஜர் அறையில் அறிக்கை எழுதினேன். “யாரு ஓட்டினது?” என்றார் மேனேஜர். சொன்னேன். “மந்திரியா? அப்ப ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அவர் தேநீரை உறிஞ்சினார். நான் எழுதினேன். ‘பயிற்சி ஓட்டுநர், கியர் நிலையைச் சரிபார்க்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தியதால் வண்டி முன்னால் நகர்ந்து கம்பத்தில் மோதியது.’ அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உட்காருபவர் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த வாக்கியம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய இன்னொரு வாக்கியத்தை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் அதை மெதுவாக, உதடசைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“எங்க போடணும் மேடம்?”

விரலால் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீட்டில் அவர் அம்மாவிடம் சொன்னார். “நாளையிலிருந்து ஷெட் முழுக்க என் பொறுப்புல வருது. இனிமே வெயில்ல கிடந்து ஓட்ட வேண்டாம்னு மேனேஜரே சொல்லிட்டாரு. ‘உங்க வயசுக்கும் அனுபவத்துக்கும் நீங்க மேற்பார்வைதான் பாக்கணும்’னாரு.”

“நெஜமாவா? சம்பளம் கூடுமாங்க?”

“கூடாம?”

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்பா கை கழுவ வந்தபோது குழாயடியில் வழிமறித்தேன்.

“ஏம்பா கையெழுத்துப் போட்டீங்க?”

“எழுதியிருந்தது சரிதானே? நான் பாக்கலதானே?”

“நான் நியூட்ரல்ல போடாம எழுந்துட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கால் வச்ச அப்புறம்தான் கண்ணு ‘டி’யில விழுந்துச்சு.” அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார், சத்தத்துக்காக. “‘அடுத்து யாரு’ன்னு கேக்கும்போதே உன் குரல் மாறிடுச்சு. எதனால மாறிச்சுன்னும் தெரியும்.”

“அங்கயே சொல்லியிருக்கலாம்ல?”

“யாருகிட்ட பாப்பா? நான் சொன்னா அங்க எவன் நம்புவான்?” சிரிக்கப் பார்த்தார். “நீதான் பாத்தியே.”

நீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் அந்தக் கதையைப் பற்றிக் கேட்பேன் என்று அவர் காத்திருந்தார். அவர் அறிக்கையைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அம்மா உள்ளிருந்து, “தண்ணிய வீணாக்காதீங்க” என்று கத்தினாள். அவர் குழாயை மூடினார்.

மறுநாளிலிருந்து அவரை நான் ஷெட்டில் பார்த்தேன். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, சக்கரங்களுக்கு இடையே குனிந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நின்று, “காலை வணக்கம் மேடம்” என்பார். வகுப்பு அதன்பாட்டுக்கு நடந்தது. மூன்று விரல் பாடத்துக்கு ஓட்டுநர்கள் நான்காவதாக ஒரு விரல் சேர்த்தார்கள். யாராவது எழுந்தால், “பிரேக், நியூட்ரல், சாவி, மந்திரி ஜாக்கிரதை!” என்று ஒரே குரலில் சொன்னார்கள். முதல்முறை நான் தடுக்கவில்லை. இரண்டாம் முறை தடுத்தால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். மூன்றாம் முறை சின்னவர்கூட அரைகுறையாக உதடசைத்தார். நான் புன்னகைத்தேன். என் முகத்தில் அந்தப் புன்னகை உட்கார்ந்திருந்ததை உள்ளிருந்து உணர முடிந்தது, ஈரத்துணி போட்டதுபோல.

வீட்டில் நான்கு நாளாக ஒரு சின்னச் சச்சரவு. குளியலறை வாளியைக் காணோம் என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள். “வாளிக்குக் கால் முளைச்சு நடந்துபோச்சா? நீங்க எடுத்தீங்களா?” என்று அப்பாவைக் கேட்டாள். “நான் என்னத்துக்கு வாளி எடுக்கப் போறேன்? டிப்போவுல வாளி இல்லாமயா கிடக்கு?” என்றார் அப்பா.

பதினோராவது நாள், கழுவும் அக்காவின் பக்கத்தில் அந்த வாளியைப் பார்த்தேன். நீல வாளி. கைப்பிடி உடைந்து கம்பியால் கட்டியது. கட்டியதும் அப்பாதான்.

“இது யாரோடது அக்கா?”

“மந்திரி கொடுத்தாரு மேடம். என் வாளிய நசுக்கினதுக்கு. நான் வேணாம்னேன். கையப் புடிச்சுக்கிட்டு, ‘உனக்கு ஒண்ணு ஆயிருந்தா எம் மூஞ்சிய நான் எங்க கொண்டு வைப்பேன்’னு அழுதுட்டாரு. பாவம், நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம்.” அவள் வாளியில் நீரை மொண்டு சக்கரத்தில் வீசினாள். “எனக்கு ஒண்ணு புரியல மேடம். தப்பு பண்ணினவங்க யாரும் எங்கிட்ட வந்து இப்படி அழுததில்ல.”

அன்று வகுப்பை மதியத்தோடு முடித்துவிட்டு, வண்டியின் கணினியிலிருந்து விபத்து நேரத்துப் பதிவை எடுத்து அச்சடித்துக்கொண்டு, மேனேஜர் அறைக்குப் போனேன்.

“‘டி’ அழுத்தினது நான் சார். நியூட்ரல் போடாம எழுந்துட்டேன். அறிக்கையில அதை எழுதல.”

அவர் தாளைப் பார்த்தார். “இதுல ‘டி’ எந்நேரம் அழுத்தினாங்கன்னுதான் இருக்கு. யாரு சீட்ல இருந்தாங்கன்னு இல்லையே. ஏம்மா, ரெண்டு நாள்ல பயிற்சி முடியுது. இப்ப எதுக்கு இதைக் கிளறிக்கிட்டு?”

“அவர் என் அப்பா சார்.”

“யாரு?”

“மந்திரி.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“எட்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார். “‘எம் பொண்ணு மின்சார பஸ் கம்பெனில இன்ஜினியர், ஒருநாள் இங்கயே வந்து உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கப் போறா’ன்னு. நாங்க…” அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வகுப்பில் நான் அப்பாவைத் தெரியாதவள்போல் நின்ற முதல் நாளே, அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையையும் பொய்யாக்கியிருந்தேன்.

“உங்க கம்பெனிக்கு நான் எழுதணும், தெரியும்ல? படிவத்துல உறவு இல்லன்னு வேற போட்டிருக்கீங்க. வேலையே போகலாம்.”

“தெரியும் சார்.”

“அவரு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க மட்டும் சொன்னா, அப்பாவக் காப்பாத்தப் பொண்ணு பழிய ஏத்துக்கிறான்னுதான் மேலிடத்துல சொல்லுவாங்க. அவரு கையால எழுதித் தரணும். உங்க பேரைக் குறிப்பிட்டு. அப்படித் தந்தா அவரு மறுபடி வகுப்புக்கு வந்து தேர்வு எழுதலாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள.” ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். “எழுதுவாரா?”

ஓய்வறையில் எல்லோரும் இருந்தார்கள். தேநீர், சீட்டு, சத்தம். அப்பா சுவரோரப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, ஈரமான காலுறைகளைப் பிழிந்து கால்களுக்குப் பக்கத்தில் பரப்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார்.

“உக்காருங்க மந்திரி, மேடம் டயருக்குப் பாடம் எடுக்க வந்திருக்காங்க” என்றார் சீட்டுக்கட்டை வைத்திருந்தவர். “மேடம், இவரு இப்ப நாலு டயருக்கும் மந்திரி. தனி இலாகா.”

சிரிப்பு. சின்னவர் மட்டும் சிரிக்காமல் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

பெஞ்சின் முன்னால் போய் நின்றேன். அப்பாவின் விரல் இடுக்குகளில் நீரில் ஊறிய வெள்ளைச் சுருக்கங்கள். அவர் கண்கள் வேண்டாம் என்றன. எதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரியாமலே, எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்றன. எல்லோர் முன்னாலும் அந்த ஒரு சொல்லை எடுக்க எனக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

“அப்பா.”

சீட்டு போடும் சத்தம் நின்றது. யாரோ கண்ணாடிக் குவளையை மேஜையில் வைத்தார்கள். “என்னது?” என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. “அப்பாவா?” என்றது இன்னொரு குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை அவர் முழங்காலில் வைத்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினேன். அவர் அதை வாங்கவில்லை. அது என் கையிலேயே இருந்தது.

“அன்னைக்கு நான் சீட்டை விட்டு எழுந்ததுல இருந்து என்ன நடந்துச்சோ, கூட்டாம குறைக்காம, என் பேரைப் போட்டு இதுல எழுதித் தாங்கப்பா.”